மூணு மாசத்துல ஏன் நின்னுடறாங்க? கூட்டு ஆராதனை பத்தி ஒரு தம்பிக்கு பதில்

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். பெங்களூர்ல ஒரு தமிழ் சபை, நீங்க புதுசா கமிட்டிக்கு வந்திருக்கீங்க, மாசத்துல ஒரு ஞாயிறு தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் சேர்த்து ஒரே ஆராதனையா வைக்கலாம்னு யூத் பிள்ளைங்க கேக்குறாங்க, பெரியவங்க தமிழே போயிடும்ங்கறாங்க, எந்த மொழிக்கு எவ்வளவு பங்கு, பிரசங்கத்தை மொழிபெயர்க்கணுமா, ஸ்க்ரீன் வாங்கலாமா, இதெல்லாம் கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, புதுசா வர்றவங்களை எழுந்து நிக்கச் சொல்லி கை தட்டி பூ குடுத்துதான் வரவேற்கிறோம், இருந்தும் மூணு மாசத்துல நின்னுடறாங்க, ஏன்னு தெரியலன்னு. என்னைக் கேட்டா உங்க கேள்வியே அந்த வரிதான். மொழி விஷயத்தையும் சொல்றேன், ஆனா அதை முதல்ல தீர்த்துட்டு இதுக்கு வரலாம்னு நினைச்சீங்கன்னா ஸ்க்ரீனுக்கு காசு போகும், ஆள் தங்க மாட்டாங்க.

நான் ஆயர் கிடையாது. பேங்க்ல 33 வருஷம் வேலை, நடுவுல தபால் வழில ஒரு இறையியல் டிப்ளமா, கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ் சபைல சண்டே ஸ்கூல் டீச்சரா ஆரம்பிச்சு பாடகர் குழு, ரெண்டு தடவை கமிட்டி செக்ரட்டரி, இப்போ ரிட்டயர் ஆனப்புறம் நற்கருணைக்கு அப்பமும் திராட்சை ரசமும் வைக்கிற பாத்திரங்களைக் கழுவி துடைச்சு எடுத்து வைக்கிற வேலை. இத்தனைலயும் ஜனங்களைப் பத்தி அதிகமா கத்துக்கிட்டது அந்தக் கடைசி வேலைலதான், ஏன்னு கீழே வரும்.

வேதத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க கமிட்டிலயும் கண்டிப்பா யாராவது வசனத்தோட வருவாங்க. ரெண்டு வசனம் எப்பவும் வரும். ஒண்ணு அப்போஸ்தலர் 2, பெந்தெகொஸ்தே நாள்ல அவங்கவங்க அவங்க பாஷைல கேட்டாங்க இல்லையா, அது. கூட்டு ஆராதனை வேணும்ங்கறவங்களும் அதைத்தான் காட்டுவாங்க, அவங்கவங்க மொழில தனித்தனியா இருக்கணும்ங்கறவங்களும் அதையேதான் காட்டுவாங்க, ரெண்டுக்கும் வளையும், அதனால அதை வெச்சு யாரும் ஜெயிக்க முடியாது. இன்னொண்ணு 1 கொரிந்தியர் 14, அர்த்தம் சொல்ற ஆள் இல்லன்னா சபைல பேசாம இருக்கணும்ங்கற இடம். எங்க சபைல ஒரு அண்ணன் இதை வெச்சு கன்னட ஜெபத்தையே நிறுத்தப் பாத்தார். அது யாருக்குமே புரியாத அந்நிய பாஷை வரத்தைப் பத்தின பேச்சு, பக்கத்து பெஞ்சுல இருக்கிற கன்னடக்காரம்மா ஜெபம் பண்றதைப் பத்தினது இல்ல. ஆனா அந்த அதிகாரத்துல பவுல் திரும்பத் திரும்ப கேக்கறது, கேக்குறவனுக்கு இதனால என்ன பிரயோஜனம்ங்கறது. அந்தக் கேள்வியை எடுத்துக்கலாம்.

யாரும் எடுக்காத இடம் அப்போஸ்தலர் 6. எருசலேம் சபைல எபிரெயர், கிரேக்கு பேசுற யூதர்னு ரெண்டு கூட்டம். தினசரி சாப்பாடு பங்கீட்டுல கிரேக்கு பேசுற விதவைங்களை விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு. பிரசங்கம் புரியலன்னு சண்டை இல்ல பாருங்க, சாப்பாடு வரலன்னு சண்டை. அதுக்கு அப்போஸ்தலருங்க என்ன பண்ணாங்க? ஒரு நல்லிணக்க கூட்டம் போட்டு முறுமுறுத்தவங்களை வரவேற்று அனுப்பல. சபையையே ஏழு பேரை தெரிஞ்செடுக்கச் சொல்லி பந்தி விசாரிப்பை அவங்க கைல ஒப்படைச்சாங்க. அந்தப் பேரெல்லாம் பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, அத்தனையும் கிரேக்கப் பேரு. அதனால ஏழு பேருமே முறுமுறுத்த கூட்டத்துலேர்ந்து வந்தவங்கன்னு நிறைய வேத அறிஞருங்க சொல்றாங்க. இதை நூத்துக்கு நூறு நிச்சயம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா அந்திரேயா மாதிரி கலிலேயாக்காரனுக்கே கிரேக்கப் பேரு இருந்த காலம் அது, பேரை மட்டும் வெச்சு ஊரைச் சொல்லிட முடியாது. ஆனா குறை சொன்னவங்க கைலயே சாவியைக் குடுத்தாங்கன்னு வாசிக்கிறதுதான் எனக்கு பொருத்தமா படுது. கலாத்தியர் 2ல பேதுரு அந்தியோகியால புறஜாதிக்காரங்களோட, அதாவது யூதர் இல்லாதவங்களோட, சாப்பிட்டுட்டு இருந்தவரு எருசலேம்லேர்ந்து ஆளு வந்ததும் பந்தியை விட்டு ஒதுங்கினாரே, 1 கொரிந்தியர் 11ல பணக்காரங்க முன்னாடியே சாப்பிட்டு முடிக்க ஏழைங்க பசியோட நின்னாங்களே, யாக்கோபு 2ல மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஸீட்டு, கந்தல் கட்டினவனுக்கு கால்மாட்டுல இடம்னு வருதே, எல்லாமே பந்தியும் உக்கார்ற இடமும்தான்.

நம்ம தமிழ் சபை வரலாறும் இதே கதைதான், இதை உங்க யூத் பிள்ளைங்களுக்கு கண்டிப்பா சொல்லுங்க. சீகன்பால்க்ங்கற ஜெர்மன் மிஷனரி 1706ல தரங்கம்பாடி வந்தாரு, அவங்க ஆரம்பிச்ச சபைகள்ல ரொம்ப காலம் சாதிவாரியா தனித்தனி இடத்துலதான் உக்காந்தாங்க, மிஷனரிங்க கண்டும் காணாம விட்டாங்க. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு கடிதம் போட்டாரு, சபைக்குள்ள சாதி வித்தியாசத்தை உடனே, முழுசா விட்டுடணும்னு. தஞ்சாவூர்லயும் வேப்பேரிலயும் பெரிய ரகளை, நிறைய பேர் வெளியே போனாங்க, 1840க்கு அப்புறம் வந்த லைப்சிக் மிஷன்ங்கற ஜெர்மன் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்துல கொஞ்சம் விட்டுக்குடுத்ததால பலபேர் அந்தப் பக்கம் சேந்தாங்க. இதுல ஒரு விஷயம் உங்களுக்கு நேரா உதவும். கீர்த்தனைகள் எழுதின கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அந்தக் காலத்துல, வில்சன் கடிதத்துக்கும் கொஞ்சம் முன்னாடியே, புது மிஷனரிங்க பண்ற கொடுமைன்னு நாலு சொல்றாரு. பழைய வேதமொழிபெயர்ப்பை மாத்தறது, சாதிகளை கட்டாயமா ஒண்ணா கலக்கறது, பண்டிகைக்கு பூ கூடாதுங்கறது, ஆராதனைலேர்ந்து தமிழ்ப் பாட்டை நீக்கறது. இதுல ரெண்டாவதுல சாஸ்திரியார் பக்கம் நியாயம் இல்ல, அவர் கீர்த்தனையைப் பாடித்தான் நான் வளந்தேன், அதுக்காக பூசி மெழுக மாட்டேன். ஆனா மத்த மூணைப் பாருங்க. எல்லாரும் சமமா உக்காருங்கன்னு சொன்ன அதே வாயி உன் பாட்டு வேண்டாம், உன் பூ வேண்டாம்னும் சொல்லிருக்கு. ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டவங்களுக்கு சமத்துவம்னாலே தன்னோடதைப் பறிக்கறதுன்னு பட்டிருக்கும். உங்க பெரியவங்க தமிழ் போயிடும்னு சொல்றப்போ இது நியாபகம் இருக்கட்டும், கூட்டு ஆராதனைன்னா கீர்த்தனையைத் தூக்கிட்டு கிட்டார்னு ஆரம்பிச்சுடாதீங்க.

பெங்களூர்ல இதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உங்க வயசுக்கு தெரியாது. 1991 டிசம்பர்ல காவேரி இடைக்காலத் தீர்ப்பு கெஜட்ல வந்ததும் இங்க கலவரம், தமிழங்க வீடு, கடை எல்லாம் அடிபட்டுச்சு. எங்க சபை வாசல் போர்டுல தமிழ் எழுத்து மேல கோவில்பிள்ளை, அதாவது மணி அடிச்சு கோவிலைப் பாத்துக்கற பணியாள், அரிசிச் சாக்கை கிழிச்சு ஆணி அடிச்சு மூடினாரு, நான் டார்ச் பிடிச்சுட்டு நின்னேன். அந்த வருஷம் வீடு வீடா போய் கிறிஸ்துமஸ் பாட்டு பாடற கேரல் ரவுண்டு கிடையாது, கிறிஸ்துமஸ் ஆராதனைல ஜன்னலை சாத்திட்டு மெதுவா பாடினோம். இப்போ 75, 80 வயசுல இருக்கிற உங்க பெரியவங்க அப்போ 40, 45 வயசுக்காரங்க. சாக்கை எடுத்துட்டு மறுபடி தமிழ்ல பாடினவங்ககிட்ட போய், அதுவும் ஐடி கம்பெனி பேட்ஜ் மாட்டிட்டு, தமிழைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமான்னு கேட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க. அதே சமயம் கன்னட சகோதரங்க பக்கமும் வருத்தம் இருக்கு, இந்த ஊர்ல ரோமன் கத்தோலிக்க சபைல பூசை மொழி பத்தி கன்னடமா தமிழான்னு பல வருஷமா நடந்த இழுபறி ஊருக்கே தெரியும், சொந்த ஊர்ல தன் மொழிக்கு இடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கேன்னு அவங்களுக்கு. ரெண்டு பேருமே தான்தான் சிறுபான்மைன்னு நினைக்கிற அபூர்வ ஊரு இது.

சரி, மூணு மாச விஷயம். 2012 ஆகஸ்ட்ல வடகிழக்கு பிள்ளைங்களை அடிக்கப் போறாங்கன்னு வதந்தி பரவி ஆயிரக்கணக்குல பெங்களூர் ஸ்டேஷன்லேர்ந்து கௌஹாத்தி ரயில் ஏறிப் போனாங்களே, அப்போ எங்க சபைக்கு ரெண்டு நாகா பசங்க வந்துட்டு இருந்தாங்க. ஒருத்தன் கம்மனஹள்ளில ஹோட்டல் வேலை, ஒருத்தன் பிபிஓ. வந்த முதல் நாள் அவங்களுக்கும் பூ குடுத்தோம், கை தட்டினோம். அந்த ஆகஸ்ட்ல அவங்களும் ரயில் ஏறிட்டாங்க. எங்களுக்கு எப்போ தெரிஞ்சது தெரியுமா? மூணாவது ஞாயிறு, அதுவும் செய்தி பாத்து ஒரு அம்மா, நம்ம பசங்க ரெண்டு பேர் எங்கன்னு கேட்டப்போ. போன் நம்பர் யார்கிட்டயும் இல்ல. அப்போ கமிட்டி செக்ரட்டரி நான்தான், அதனால யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல. ஏழு மாசமா வந்தவங்க போனது எங்க ஆராதனைல எந்த வேலையையும் தடுக்கல, அதான் தெரியல. கோவில்பிள்ளை ஒரு வாரம் வரலன்னா மணி அடிக்காது, ஆர்கன் வாசிக்கிறவர் வரலன்னா பாட்டு இழுக்கும், அவங்களை தேடிட்டுப் போவோம். பூ வாங்கிட்டு பின் பெஞ்சுல உக்காந்தவனை யார் தேடுவா.

பிபிஓ பையன் நவம்பர்ல திரும்பி வந்தான். இந்தத் தடவை எங்க பாடகர் குழு நடத்துற அக்கா, கொஞ்சம் கண்டிப்பான ஆளு, அவனைக் கூப்பிட்டு அட்வென்ட்டுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களுக்கு, பழகுற பாட்டுத் தாளைக் கைல குடுத்தாங்க. எங்க அக்கா திருநெல்வேலில பழகினவங்க, டோ ரே மீயை இங்கிலீஷ் எழுத்துல புள்ளியும் கோடும் வெச்சு எழுதற சோல்ஃபாலதான் நாலு குரலும் எழுதுவாங்க. அவன் ஒரு நிமிஷம் பாத்துட்டு நேரா டெனார் வரியைப் பாடிட்டான், தப்பே இல்லாம. எங்க பசங்க மூணு வாரமா அதுல தடுமாறிட்டு இருந்தாங்க. நாகாலாந்து, மிசோரம், மேகாலயா பக்கத்து காசி மலை சபைகள்ல சின்ன வயசுலேர்ந்தே சோல்ஃபா படிச்சுத்தான் பாடுவாங்க, அது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் குடுத்தோம், தாளத்துக்கு சரியா வந்தான், ழகரம் மட்டும் கடைசி வரை வரல, நம்ம பிள்ளைங்களுக்கே வரல. அப்புறம் அவன் ஒரு வெள்ளிக்கிழமை பிராக்டிஸுக்கு வரலன்னா எட்டு பேர் போன் பண்ணுவாங்க. ஆறு வருஷம் இருந்தான், வேலை மாத்தி புனே போற வரைக்கும்.

அதனால எங்ககிட்ட ஒரு பழக்கம் வந்துச்சு, புதுசா வர்றவங்களுக்கு பூ கிடையாது, மூணாவது ஞாயிறுக்குள்ள ஒரு வேலை. வேதபாடம் வாசிக்கிறது, காணிக்கைப் பை எடுக்கிறது, அப்பமும் ரசமும் முன்னாடி கொண்டு போறது, பின்னாடி டீ ஊத்தறது, எதுவா இருந்தாலும். ஆனா ஒண்ணு, காட்சிக்கு வைக்கிற வேலை வேண்டாம். ஒவ்வொரு பண்டிகைக்கும் நாகா பிள்ளைங்க சால்வை போட்டு வந்து அவங்க டான்ஸ் ஆடணும், கன்னடக்காரங்க ஒரு கன்னடப் பாட்டு பாடிட்டு இறங்கணும், நாம உக்காந்து போட்டோ எடுப்போம்னா அவங்க விருந்தாளியாவே இருப்பாங்க. கணக்குப் பாக்கிற வேலை, சாவி வெச்சுக்கற வேலை, யாருக்கு உதவி குடுக்கலாம்னு முடிவு பண்ற வேலை, இதெல்லாம் குடுத்தாத்தான் நான் மேல சொன்ன ஏழு பேர் கதை.

இப்போ மொழி. எங்க அனுபவத்துல பிரசங்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்கறது ரெண்டு பக்கத்தையும் தூங்க வைக்கும், 25 நிமிஷப் பிரசங்கம் 50 ஆகும். கூட்டு ஞாயிறுல ஆயரை 12 நிமிஷம் ஒரே மொழில பேசச் சொல்லுங்க, மத்த மொழிக்காரங்களுக்கு ஒரு பக்கம் சுருக்கம் அச்சடிச்சுக் குடுங்க, மாசா மாசம் மொழியை மாத்துங்க. பரமண்டல ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் அவங்கவங்க மொழில ஒரே நேரத்துல சொல்லலாம், முதல் தடவை சந்தைக்கடை மாதிரி இருக்கும், நாலாவது தடவை எல்லாரும் ஆமென்ல ஒண்ணா வந்து சேருவீங்க. பாட்டுக்கு, பாமாலைங்கற நம்ம பாட்டுப் புத்தகத்துல இருக்கிற நிறைய ராகம் ஜெர்மன், இங்கிலீஷ் ராகம்தான், அதே ராகத்துக்கு கன்னடத்துலயும் மலையாளத்துலயும் வார்த்தை இருக்கும், சேந்து பாடலாம். கீர்த்தனைக்கு அது ஒத்து வராது. அதுல பல்லவியை மட்டும் எல்லாரும் பாடட்டும், சரணத்தை தெரிஞ்சவங்க பாடட்டும், பஜனை மாதிரி, நம்ம ஊர்ல அது புதுசு ஒண்ணும் இல்லையே. ஆராதனை முறையை மாத்தறதுல ஆயர் சம்மதம் இல்லாம, நற்கருணை முறைன்னா பிஷப்போட டயோசிஸ் அனுமதி இல்லாம, கமிட்டி தானா எதுவும் பண்ணாதீங்க, அதுல சிக்கல் வந்தா நல்ல எண்ணமும் சேந்து கெடும்.

ஸ்க்ரீன் கேட்டீங்க. வாங்குங்க, ஆனா என்ன எழுத்துல போடறீங்கன்னு யோசிங்க. இங்க பொறந்த நம்ம பிள்ளைங்க தமிழ் பேசுவாங்க, படிக்க வராது, உடனே இங்கிலீஷ் எழுத்துல தமிழைப் போட்டுடறோம், குறிலும் நெடிலும் ஒண்ணாகி, லகரம் ளகரம் எல்லாம் ஒண்ணாகி என்னவோ மாதிரி கேக்கும். எங்க சண்டே ஸ்கூல்ல ஒரு டீச்சர் தமிழ்ப் பாட்டை கன்னட எழுத்துல எழுதிப் பாத்தாங்க. ஸ்கூல்ல கன்னடம் படிக்கிற பிள்ளைங்க கட கடன்னு பாடினாங்க, ஏன்னா கன்னடத்துல எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் தனித்தனியா இருக்கு, ளகரம் ணகரம் இருக்கு. இன்னைக்கு வழக்குல ழகரமும் றகரமும் மட்டும் இல்ல, அதை வாயால சொல்லிக் குடுத்துக்கலாம். கூடுதல் லாபம், பக்கத்துல உக்காந்த கன்னடக்காரங்களும் சேந்து பாடிட்டாங்க.

உக்கார்றது பத்தி ஒரு வார்த்தை. உங்க சபைல ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமா? நிறைய தமிழ் சபைல அப்படித்தான். கல்யாணம் ஆகி வந்த மலையாளிப் பொண்ணு, மொழி தெரியாம, புருஷன் அந்தப் பக்கம் இவ இந்தப் பக்கம், ஒண்ணரை மணி நேரம் தனியா உக்காந்திருப்பா. வெறும் பழக்கம்தான், கூட்டு ஞாயிறு மட்டுமாவது கலந்து உக்காரலாம். அப்புறம் சமாதானம் சொல்ற இடம். சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27ல ஆரம்பிச்சப்புறம் 1950ல வந்த நற்கருணை முறைல சமாதானத்தைக் கைல இருந்து கைக்கு குடுக்கிறதை கேரளத்து சிரியன் சபை வழக்கத்துலேர்ந்து எடுத்து வெச்சாங்க. வலது உள்ளங்கையோட வலது உள்ளங்கையை வெச்சு, இடது கையால அடுத்தவர் கையை மூடணும். தொட்டே ஆகணும், அதுவும் ரெண்டு கையாலயும். தொடறதுக்கு இவ்வளவு கணக்கு பாக்கிற ஒரு நாட்டுல அதை ஆராதனைக்குள்ள வெச்சது சின்ன விஷயம் இல்ல. கொரோனாக்கு அப்புறம் நாம தூரத்துலேர்ந்து கும்பிட்டு முடிச்சுடறோம். அதைத் திரும்பக் கொண்டு வாங்க.

இப்போ பாத்திரம் கழுவற கதை. நற்கருணைக்கு பீடத்தண்டை வரிசையா முழங்கால் போடறப்போ யார் எந்த நடைல வராங்கன்னு வெஸ்ட்ரி, அதாவது ஆயர் அங்கி மாத்தற அறை, கதவு பக்கத்துலேர்ந்து பாத்தா நல்லா தெரியும். ஒரு நாலஞ்சு குடும்பம் எப்பவும் முதல் வரிசைக்கு அவசரமா வருவாங்க, நான் ரொம்ப நாள் பக்தின்னு நினைச்சேன். ஒரு ஞாயிறு, இவங்க சாதில தாழ்வா நினைக்கிற சில குடும்பங்கள் முதல்ல வந்து முழங்கால் போட்டுட்டாங்க, இவங்க பாதி நடைல நின்னு குனிஞ்சு செருப்பு வாரை சரி பண்ற மாதிரி நேரம் கடத்தி அடுத்த வரிசைக்கு வந்தாங்க. ஒரே கிண்ணம், அவங்க வாய் வெச்சதுல வைக்கக் கூடாது, அவ்வளவுதான். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டாங்க, பெங்களூர்ல நமக்கு சாதி எல்லாம் ஊரோட போச்சுன்னு பேச்சு. அப்புறம் தனித்தனி சின்னக் கிண்ணம் வேணும்னு கமிட்டில வந்துச்சு, சுகாதாரம்னு காரணம். இதுல ஜாக்கிரதையா பேசறேன், தனிக் கிண்ணம் கேக்கிறவங்க எல்லாருக்கும் அந்த எண்ணம்னு சொன்னா அநியாயம், கீமோ எடுக்கிற அம்மாவுக்கு அது நிஜமான பயம். ஆனா கேட்ட ஒருத்தர் கல்யாண வீட்டுல ஒரே சொம்புல தண்ணி குடிக்கிறதையும் பாத்திருக்கேன். நாங்க பண்ணது, அப்பத்தை ரசத்துல தோய்ச்சு ஆயரே குடுக்கிற முறைக்கு வந்தோம், வரிசை கிழக்கு பெஞ்சு ஒரு மாசம், மேற்கு பெஞ்சு ஒரு மாசம்னு மாறும். சரியான தீர்வுன்னு சொல்ல மாட்டேன், கேள்வியை மூடி வெச்சோம்னு எனக்கே உறுத்தல் இருக்கு. ஆனா நீங்க மூணு மொழி ஆராதனை நடத்தி, கிண்ணத்துக்கிட்ட இது நடந்துட்டு இருந்தா, கூட்டு ஆராதனைன்னு போர்டு வைக்காதீங்க.

நடக்க முடியாதவங்களை உங்க கேள்வில நீங்க எழுதவே இல்ல, நாங்களும் ரொம்ப வருஷம் எழுதல. வாசல்ல ஆறு அங்குலப் படி மூணு இருந்தா 18 அங்குலம், வீல்சேருக்கு 1:12 சரிவுன்னா, அதாவது அடிக்கு ஒரு அங்குலம் ஏத்தம்னா, 18 அடி ராம்ப் வேணும். எங்க சபைல முதல்ல 6 அடில ஒண்ணு கட்டி திறப்பு விழாவும் வெச்சோம், ஸ்கூட்டர் ஏத்தத்தான் உபயோகம் ஆச்சு. ராம்ப் போட்டாலும், முழங்கால் போட முடியாதவங்களுக்கு ஆயர் பெஞ்சுக்கே அப்பம் கொண்டு வரதை கடைசில பண்ணாம முதல்ல பண்ணச் சொல்லுங்க, செலவு இல்லாத மாத்தம். காது கேக்காதவங்க வந்தா சைகை மொழிபெயர்ப்பாளர் பிரசங்கியார் பக்கத்துல வெளிச்சத்துல நிக்கணும், ஓரத்துல இல்ல.

சாப்பாடு கடைசியா சொல்றேன். அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு, அதாவது பொது விருந்துக்கு, எப்பவும் மட்டன், சாம்பார், நம்ம ஆம்பளைங்கதான் அண்டாகிட்ட நிப்பாங்க. ஒரு வருஷம் சமையலை கன்னடக் குடும்பங்க கைல குடுத்தோம், மண்டியா பக்கத்துக்காரங்க, ராகி முத்தை, அதாவது கேழ்வரகுக் களி உருண்டை, அதோட சாறு பண்ணாங்க. எங்க பெரியவர் ஒருத்தர் முத்தையைப் பிச்சு வாய்ல போட்டு மெல்ல ஆரம்பிச்சாரு, பல் செட்டுல ஒட்டிக்கிச்சு. பக்கத்துல இருந்த கன்னடப் பாட்டி அவர் தட்டுலேர்ந்தே ஒரு துண்டை உருட்டி சாறுல முக்கி, மெல்லாதீங்க, அப்படியே முழுங்குங்கன்னு காட்டுது, அவருக்கு கன்னடம் வராது, 50 வருஷமா இந்த ஊர்ல இருக்காரு. முழுங்கினாரு. அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டி பக்கத்துல போய் உக்காந்து, முத்தை, முத்தைன்னு சொல்லி சிரிச்சாரு, அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பொது பாஷை.

நிச்சயமில்லாததையும் சொல்லிடறேன். மாசம் ஒரு கூட்டு ஞாயிறு வெச்சா ஆள் தங்குவாங்களான்னு என்னால உறுதி குடுக்க முடியாது. எங்க முதல் முயற்சி 14 மாசத்துல நின்னுச்சு, ரெண்டாவது நடக்குது, ரெண்டுக்கும் நடுவுல ஆயரும் மாறினாரு, அதனால எது காரணம்னு பிரிக்க முடியல. கூட்டு ஆராதனையால பிள்ளைங்க தமிழ் குறையுமாங்கறதும் அப்படித்தான், வீட்டுல பேசாத தமிழை ஞாயித்துக்கிழமை ஒண்ணரை மணி நேரம் காப்பாத்தும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா அந்த ஒண்ணரை மணி நேரமும் இல்லன்னா என்ன ஆகும்னும் பயமா இருக்கு. மொழிக்கு ஒரு நேரம்னு தனித்தனியா வைக்கிறதும் தப்பில்ல. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்கால தமிழ், கன்னடம், இங்கிலீஷ்னு தனித்தனி பூசை, ஆனா செப்டம்பர் 8 தேர் பவனில ஊரே ஒண்ணா நடக்குது. சில சபைக்கு அதுவே போதும்.

வெளிநடப்பு பண்ணுவேன்னு சொன்ன பெரியவரைப் பத்தி கேட்டிருந்தீங்க. கமிட்டி மீட்டிங்ல அவருக்கு பதில் சொல்லாதீங்க, அங்க யாருமே பின்வாங்க மாட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போங்க, காபி குடிங்க, 1991ல எங்க இருந்தீங்கன்னு கேளுங்க, ஒரு மணி நேரம் ஆகும், உக்காருங்க. அப்புறம் அந்த மலையாளி மருமகப் பொண்ணு வர்ற மாசம் தமிழ்ல வேதபாடம் வாசிக்கப் போறா, உச்சரிப்பு சொல்லிக் குடுக்க ஆள் இல்லன்னு சொல்லுங்க. மலையாளத்துல ழகரம் உண்டு, அதனால அவளுக்கு அது சுலபமா வந்துடும், நம்ம பிள்ளைங்களையும் சேத்து உக்கார வெச்சா அவருக்கு வேலை ஜாஸ்தி. புதன்கிழமை சாயங்காலம் வசதிப்படுமான்னு அவர்கிட்டயே கேளுங்க.